ஆட்டம் பார்க்கப் போகிறோம், சாப்பாடு எங்கே?
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதக்கட்டில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் மைதானங்களுக்கு ஆட்டம் பார்க்கப் போனால் எங்கே, எப்போது, என்ன சாப்பிடுவது? ஒரே இதழில் முடித்துவிடலாம் என்று சேர்த்துப் போட்டிருக்கிறோம்.

கேள்வி: ஆறு பேர் குடும்பமாகக் கிங்ஸ்மீடுக்கு டெஸ்ட் பார்க்கப் போகிறோம். பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாமா, கட்டிக்கொண்டு போக வேண்டுமா? – சாட்ஸ்வொர்த் வாசகி

கட்டிக்கொண்டு போங்கள் அம்மா. ரக்பி நடக்கும் கிங்ஸ் பார்க்கும் கால்பந்து நடக்கும் மோசஸ் மபீடாவும் அக்கம்பக்கம்; கிங்ஸ்மீட் அவற்றுக்குத் தெற்கே, நடந்தால் அரை மணி நேரத்துக்குள். மூன்றைச் சுற்றியும் அகலமான சாலை, கார் நிறுத்துமிடம், விளையாட்டுத் திடல். ருசியான கடை என்று சொல்லத்தக்கவை மேற்கே ஃபுளோரிடா ரோடு, தென்மேற்கே பழைய கிரே தெரு (இன்றைய டாக்டர் யூசுஃப் தாது தெரு), வடக்கே உம்கேனி ரோடு என்று ஆளுக்கொரு திசையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. கிழக்கே கடற்கரைப் பக்கம் சன்கோஸ்ட் காசினோவில் உணவகங்கள் உண்டு. ஆனால் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு எழுவதற்குள் ஒரு விக்கெட்டாவது போயிருக்கும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், கடையைப் பிறகு பார்க்கலாம். டெஸ்டில் மதிய இடைவேளை 40 நிமிடம், தேநீருக்கு 20. டி20 ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவே 20 நிமிடம். மழையால் நேரம் போனால் அதையும் குறைப்பார்கள். ரக்பி, கால்பந்து இரண்டிலும் 15 நிமிடத்துக்கு மேல் கிடையாது. 40 நிமிடத்தில் கையிலிருக்கும் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிடலாம். கிரே தெருவுக்குப் போய்த் திரும்ப முடியாது. 15 நிமிடம் என்பது கழிப்பறை வரிசைக்கே சரியாகப் போகும். ஆகவே டெஸ்டுக்குக் கட்டுச்சோறு. ரக்பிக்கும் கால்பந்துக்கும், ஆட்டம் தொடங்க இரண்டரை மணி நேரம் முன்பே ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கை: எதை உள்ளே கொண்டுபோகலாம் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். டிக்கெட்டோடு வரும் விதியைப் படித்துவிடுங்கள். கண்ணாடி ஜாடியில் ஊறுகாய் எடுத்துப்போய் வாசலில் பறிகொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். மதுவும் வெளியிலிருந்து கொண்டுபோக முடியாது.

கேள்வி: மட்டன் பன்னி வாங்கிக்கொண்டு போனால் மைதானம் சேர்வதற்குள் அடி ஊறிக் கழன்றுவிடுகிறது. ஏன்? – ஃபீனிக்ஸ் வாசகர்

பன்னி, அதாவது பிரெட்டைக் குடைந்து உள்ளே கறி ஊற்றியது, செய்தவுடன் சாப்பிடுவதற்கானது. சூடான கறி பிரெட்டுக்குள் இருக்கும்போது நீராவி வெளியேற வழியில்லாமல் பிரெட்டின் வெளி ஓடே வெந்துவிடுகிறது. அதற்கு மேல் கடைக்காரர் காகிதத்தில் இறுகச் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சும் போட்டால், 20 நிமிடத்தில் ஓடு பஞ்சாகிவிடும். டிசம்பர், ஜனவரியின் டர்பன் புழுக்கத்தில் அதற்கு முன்பே.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு லோஃபை நான்காக வெட்டினால் இரண்டு முனைத் துண்டுகளுக்குத்தான் அடியில் மொறுமொறுப்பான ஓடு இருக்கும். நடுத் துண்டு இரண்டும் மேலும் கீழும் வெறும் சதை. உங்களுக்குக் கிடைத்தது நடுத் துண்டாக இருந்தால் அது கழன்றுபோனதில் ஆச்சரியமில்லை. பாதி பன்னிக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் பாதி லோஃப் எப்படி வெட்டினாலும் ஒரு முனையோடு வரும். கடையில் குவாட்டர் கேட்கும்போது, 'எண்டு பீஸ் குடுங்க அண்ணே' என்று சொல்லிவிடுங்கள். கூட்டமில்லாத நேரமானால் தருவார்கள்.

கடையில் வாங்கினாலும் கறியைத் தனி டப்பாவில் கேளுங்கள். வீட்டில் செய்வதானால், ஆறு குவாட்டருக்கான கணக்கு இது.

வெட்டாத வெள்ளை லோஃப், 700 கிராம், இரண்டு. ஒன்றரை போதும், ஆனால் இரண்டு வாங்கினால் நான்கு முனைத் துண்டு கிடைக்கும். எலும்போடு மட்டன் ஒன்றரைக் கிலோ; இரண்டு விரல் அகலத் துண்டுகளாகக் கசாப்புக்காரரையே வெட்டித் தரச் சொல்லுங்கள். எலும்புச் சில்லு பிரெட்டுக்குள் ஒளிந்துகொண்டு பல்லைப் பதம் பார்க்கும், அதனால் இரண்டு தண்ணீர் அலசுங்கள். எண்ணெய் 100 மில்லி. பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ ஒன்று, கறிவேப்பிலை இரண்டு ஈர்க்கு, பெரிய வெங்காயம் இரண்டு. இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, கலவை மசாலாத்தூள் நான்கு மேசைக்கரண்டி, துருவிய தக்காளி இரண்டு. உருளைக்கிழங்கு நடுத்தரமாக நான்கு, பாதியாக வெட்டியது.

வெங்காயம் பொன்னிறமானதும் அடுப்பைத் தணித்து, விழுதையும் தூளையும் போட்டு அரை நிமிடம்தான் வதக்க வேண்டும். தூள் கருகினால் கசப்பு வரும். அதைத் தக்காளி போட்டாலும் சர்க்கரை போட்டாலும் மறைக்க முடியாது, கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். மட்டனைப் போட்டு, தண்ணீர் ஊற்றாமல் அதன் சாற்றிலேயே 15 நிமிடம் பிரட்டுங்கள். பிறகு தக்காளியும் உப்பும், ஒன்றரைக் கோப்பை கொதிநீரும். மூடி 45 நிமிடம். உருளைக்கிழங்கு கடைசி 25 நிமிடத்துக்கு. நம் ஊரில் அதற்கு 'கிரேவி சோக்கர்' (குழம்பை உறிஞ்சுவது) என்று பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை: பன்னியைத் தாங்கிப் பிடிப்பதே அந்தக் கிழங்குதான்.

பதம் பார்ப்பது இப்படி: சட்டியின் அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை கோடு மூடாமல் நின்றால் சரி. உடனே மூடிக்கொண்டால் ஒரு கிழங்குத் துண்டை மசித்து விடுங்கள். மாவு கரைத்து ஊற்றாதீர்கள், ஃபிளாஸ்கில் பசையாகிவிடும்.

அகல வாய் ஃபிளாஸ்கில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் கறியைக் கழுத்துவரை நிரப்புங்கள். காலியிடம் விட்டால் சூடு சீக்கிரம் இறங்கும். கறி 60 டிகிரிக்குக் கீழே போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் வயிறு பழிவாங்கும். காலை 9 மணிக்கு அடைத்ததை மதிய இடைவேளைக்கே திறந்துவிடுங்கள், தேநீர்வரை வைக்க வேண்டாம். கொத்தமல்லித் தழையைத் தனியே எடுத்துப்போய் அங்கே தூவுங்கள். சூட்டில் அடைத்தால் கறுத்து, கறிக்கே ஒரு பழைய வாடை வந்துவிடும்.

பிரெட்டைத் துணியில் அல்லது காகிதப் பையில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். இடத்தில் உட்கார்ந்தபின் சதையைக் கத்தியால் சதுரமாகக் கீறி ஒரே கட்டியாக எடுங்கள். சுவர் ஒரு விரல் கனம், அடி முனைத் துண்டில் ஒரு விரல், நடுத் துண்டில் ஒன்றரை. முதலில் கிழங்கு, அதன்மேல் மட்டன், கடைசியில் குழம்பு. சம்பலுக்கு மூன்று கேரட் துருவல், ஒரு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி வினிகர். உப்பை மட்டும் அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

கேள்வி: சென்னையிலிருந்து மைத்துனர் வருகிறார். 'பன்னி சாப்பிடப் போகலாம்' என்று தொலைபேசியில் சொன்னேன், பேச்சே நின்றுவிட்டது. எப்படி விளக்குவது? – டோங்காட் வாசகர்

அவர் காதில் விழுந்தது நாலு கால் பன்னி. அதுவும் இல்லை, ஆங்கிலப் பெயர் சொல்லும் முயலும் இல்லை. கிரே தெருவில் கடை வைத்திருந்த குஜராத்தி வணிகர்களான 'பனியா'க்களின் பெயர் திரிந்து 'பன்னி' ஆனது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நிறவெறிச் சட்டங்களின் காலத்தில் உணவகத்துக்குள் உட்கார அனுமதி இல்லாத கறுப்பினத் தொழிலாளர்களுக்கு, தட்டும் கரண்டியும் இல்லாமல் பிரெட்டைக் குடைந்து கறியை ஊற்றிக் கொடுத்தார்கள் என்பதும் அதோடு சேர்ந்து வரும் செய்தி. வேறு கதைகளும் உண்டு. எல்லாக் கதையும் முடிகிற இடம் டர்பன்தான்.

மைத்துனருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: கடையில் 'குவாட்டர் மட்டன்', 'ஹாஃப் பீன்ஸ்' என்றாலே போதும், பன்னி என்ற சொல் தேவையில்லை. முதல் தடவைக்குக் குவாட்டர். முழு லோஃப் வாங்கிப் படம் எடுக்கலாம், ஒற்றை ஆளால் முடிக்க முடியாது. ஸ்பூன் கேட்கக் கூடாது. குடைந்தெடுத்து மேலே வைத்திருக்கும் பிரெட் கட்டியை முதலில் எடுத்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். பிறகு சுவரை மேலிருந்து கீழாகப் பிய்த்துக்கொண்டே இறங்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கத்தை அடிவரை பிய்த்தால் அணை உடைந்த மாதிரி குழம்பு மடிக்கு வரும். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கே அழைத்துப்போவது? மைதானங்களுக்கு வடக்கே உம்கேனி ரோட்டில் பிரிட்டானியா ஹோட்டல் இதற்குப் பேர்பெற்றது. உம்பிலோவில் கவுண்டன்ஸ், பெயரைப் பார்த்தாலே மைத்துனருக்குப் பாதிப் பயம் தெளிந்துவிடும். ஆட்ட நாளில் எந்தக் கடையானாலும் கிளம்புமுன் ஒரு போன் போட்டு, மட்டன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் தீர்வது அதுதான்.

கேள்வி: புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொட மாட்டோம். அந்த மாதத்தில் ஆட்டத்துக்குப் போனால் பட்டினிதானா? – மெரிபேங்க் வாசகி

பட்டினி வேண்டாம் அம்மா, ஆனால் கடைக்காரரை நாலு கேள்வி கேட்கத் தயங்கவும் வேண்டாம்.

பீன்ஸ் பன்னிதான் முதல் துணை. ஆனால் சுகர் பீன்ஸ் (காய்ந்த பீன்ஸ் விதை) கறியைச் சில கடைகளில் ஆட்டுக்கால் போட்டும் சமைப்பார்கள். பானையைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. 'எலும்பு போட்டதா, வெறும் பீன்ஸா?' என்று நேராகக் கேளுங்கள். அடுத்து, மட்டன் பானையில் விட்ட கரண்டியே பீன்ஸ் பானைக்கும் வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவது சிப்ஸ். மீனும் கோழியும் பொரித்த அதே எண்ணெயில்தான் பெரும்பாலும் பொரிப்பார்கள். சிப்ஸ் ரொட்டி கேட்டால் மேலே மட்டன் குழம்பு ஊற்றித் தருவது வழக்கம். 'குழம்பு வேண்டாம், பீன்ஸ் ஊத்துங்க' என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த விசாரணை எதுவும் வேண்டாமென்றால் சுத்த சைவக் கடைக்கே போய்விடலாம். டாக்டர் குணம் தெருவில் லிட்டில் குஜராத் இருக்கிறது. அந்தத் தெருவே டர்பனில் பிறந்த நம் தமிழ்ப் பெண் மருத்துவர், நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்றவர் பெயரைத் தாங்கியது. அங்கிருந்து கிங்ஸ்மீடுக்குக் காரில் சில நிமிடம்தான்.

கையில் எடுத்துப்போக வடையும் பூரி-பத்தாவும் (பூரியோடு, மசாலா தடவிச் சுருட்டிய சேப்பங்கிழங்கு இலை) உத்தமம். இரண்டும் ஆறினாலும் கெடாது, பிரெட் மாதிரி ஊறாது. பத்தா இலையை மட்டும் முதல் நாளே சுருட்டி அவித்து வைத்து, காலையில் வெட்டிப் பொரியுங்கள். புளி குறைந்தாலோ வேக்காடு போதாவிட்டாலோ தொண்டை அரிக்கும்; மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்கு வைத்தியம் தேட முடியாது. வீட்டிலேயே பீன்ஸ் சமைப்பவர்கள் 8 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அரைவேக்காட்டுப் பீன்ஸில் இருக்கும் லெக்டின் வாந்தி பேதியைக் கொண்டுவரும். மெதுவான சூட்டில் வேகவைக்கும் மின்சாரச் சட்டியில் நேராகப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

கேள்வி: ரக்பி மைதானத்தில் எங்கே பார்த்தாலும் பூரவோர்ஸ் ரோல். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சாப்பிடலாமா? – இசிபிங்கோ வாசகர்

கூடாது. பூரவோர்ஸ் என்கிற சாஸேஜ் பெரும்பாலும் மாட்டிறைச்சி, அதோடு பன்றிக் கொழுப்பு. பூரவோர்ஸ் என்று பெயர் போட்டு விற்க 90 சதவீதமாவது இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நாட்டில் சட்டமே உண்டு. ஆனால் அந்த இறைச்சி மாடா, ஆடா, பன்றியா என்பதை அந்தச் சட்டம் உங்களுக்காக முடிவுசெய்யாது. கொத்தமல்லி விதை மணம் நம் வீட்டு மணம் மாதிரியே வரும், அதில் ஏமாறாதீர்கள். ஆட்டிறைச்சி வோர்ஸ் கசாப்புக் கடையில் கிடைக்கும்; உறை என்ன என்பதையும் கேளுங்கள். பில்டாங் என்கிற உலர்ந்த இறைச்சியும் சாதாரணமாக மாடுதான். 'கூடு' என்கிற மான், தீக்கோழி என்று எழுதியிருந்தால் வேறு.

கேள்வி: கிங்ஸ் பார்க் வெளித்திடலில் பிராய் (திறந்தவெளியில் இறைச்சி சுடுவது) போட ஆசை. கரியா, கேஸா? எவ்வளவு எடுத்துப்போவது? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

நம் ரக்பி அணி ஷார்க்ஸின் ஆட்டத்துக்குப் பெரும்பாதி அழகே அந்த வெளித்திடல்தான். ஆட்டம் முடிந்தபின் புகை நடுவே ஒரு மணி நேரம் நின்றால் சாலை நெரிசலும் தானாகக் கலைந்துவிடும். அன்றைக்குக் கரிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள். சந்தேகமென்றால் கேஸ் ஸ்காட்டல் என்கிற அகலத் தட்டு அடுப்புதான் பாதுகாப்பு.

கரியானால் ஆறு பேருக்கு 2 கிலோ பிரிக்கெட் (அச்சுக் கரிக்கட்டி). பற்றவைத்து வெள்ளைச் சாம்பல் போர்த்த 30 முதல் 45 நிமிடம் ஆகும். அதற்குமுன் இறைச்சி வைத்தால் வெளியே கருகும், உள்ளே இரத்தம். இந்த 45 நிமிடக் கணக்கை விட்டுவிட்டுத்தான் பலர் கிக்-ஆஃபுக்கு 20 நிமிடம் இருக்கும்போது பச்சைக் கோழியைப் பார்த்து நிற்பார்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு கடி, ஆட்டம் முடிந்து பிராய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நெருப்பை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது.

கோழியை வீட்டிலேயே முக்கால் வேக்காடு வேகவைத்துவிட்டு அங்கே வந்து சுடலாம் என்று நினைக்காதீர்கள். அரைவேக்காட்டுக் கோழி வெதுவெதுப்பில் கிடப்பதைவிடப் பச்சையாக ஐஸில் கிடப்பது நல்லது. மசாலா தடவி மூடிய டப்பாவில், ஐஸ் பெட்டியின் அடியில் வையுங்கள். குடிக்கும் பாட்டில்களுக்கு வேறு பெட்டி. ஒரே பெட்டியானால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது திறந்துகொண்டே இருப்பார்கள்.

டர்பனில் பிற்பகலில் வடகிழக்குக் காற்று கடலிலிருந்து வீசும். காரின் தென்மேற்குப் பக்கம் அடுப்பை வைத்தால் காரே காற்றுத் தடுப்பு, ஆனால் ஒன்றரை மீட்டராவது தள்ளி. காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து குளிர்ந்து வீசத் தொடங்கினால் மழை பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம், மூட்டையைக் கட்டுங்கள். கரியைப் புல்லில் கொட்டாதீர்கள், மண்ணாலும் மூடாதீர்கள். மூடிய மண்ணுக்கடியில் கரி மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், பின்னால் ஓடிவரும் குழந்தைக்குத் தெரியாது. ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

கேள்வி: இரண்டு பீர் குடித்துவிட்டு வண்டி ஓட்டலாம், சாப்பிட்டுவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். – வெருளம் வாசகர்

நண்பரைப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள். சாதாரண ஓட்டுநருக்குச் சட்ட வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 0.05 கிராம்; தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. 5 சதவீத பீர் 340 மில்லியில் 17 மில்லி சுத்த ஆல்கஹால். 70 கிலோ ஆண் ஒன்றை வேகமாகக் குடித்தால் 0.03 பக்கம் போவார். அடுத்தடுத்து இரண்டு குடித்தால் வரம்பைத் தாண்டிவிடுவார். 60 கிலோ பெண்ணுக்கு ஒன்றிலேயே 0.04 அளவு வரும். பெரிய 440 மில்லி டின்னை 'ஒன்று' என்று எண்ணுவதும் ஏமாற்று, அதில் 22 மில்லி இருக்கிறது.

உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 8 முதல் 10 மில்லிதான் கழிக்கும். ஆகவே சின்ன பீர் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சாப்பாடு ஏறுவதைத் தாமதப்படுத்தும், இறங்குவதை வேகப்படுத்தாது. பன்னி, காப்பி, பச்சைத் தண்ணீர் எதுவும் கணக்கை மாற்றாது. ஓட்டுபவருக்குப் பச்சை கிரீம் சோடா வாங்கிக் கொடுங்கள். மட்டன் பன்னிக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது என்பது எங்கள் கட்சி. ஹலால் கடைகளில் மது கிடைக்காது, வெளியிலிருந்து கொண்டுபோய்த் திறக்கவும் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: காரம் தாங்காமல் பேரன் கத்துகிறான். தண்ணீர் கொடுத்தால் அதிகமாகிறது. – ஸ்டேங்கர் பாட்டி ஒருவர்

மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது பாட்டி, கொழுப்பில்தான் கரையும். தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பிவிடும். மாஸ் என்கிற புளித்த பால் ஒரு சின்னப் பாட்டில் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தயிருக்கு அண்ணன் தம்பி மாதிரிதான். இரண்டு வாய் கொடுத்து, விழுங்குமுன் நாக்கில் கொஞ்சம் நிற்கட்டும் என்று சொல்லுங்கள். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் தூள் வாங்கினால் பெயரைப் பார்த்து வாங்குங்கள். 'மாமியார் ஒழிப்பு' என்கிற பொருளில் ஆங்கிலப் பெயர் எழுதிய குவியல் பேரனுக்கானது அல்ல.

கேள்வி: கிங்ஸ்மீடில் பத்து நாள் டெஸ்ட் நடந்ததாமே, உண்மையா? எத்தனை மதியச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார்கள்? – பெயர் எழுதாத வாசகர்

உண்மை. 1939 மார்ச் 3 முதல் 14 வரை, இங்கிலாந்துக்கு எதிராக, காலவரம்பில்லாத டெஸ்ட். ஒரு நாள் மழையில் போனது, ஆடியது ஒன்பது நாள். 696 தேவைப்பட்ட இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது கப்பலைப் பிடிக்க ஓட வேண்டியதாயிற்று, ஆட்டம் டிரா. ஆக ஒன்பது மதியச் சாப்பாடு. அதே மைதானத்தில்தான் 2007 செப்டம்பர் 19 அன்று யுவராஜ் சிங் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தார். அது 19-வது ஓவர். டி20-க்குப் போகிறவர்கள் 16-வது ஓவருக்குப் பிறகு சமோசா வரிசையில் நிற்காதீர்கள்.

கேள்வி: சிகாகோவில் இருக்கும் மகள் எங்களை ரிக்லி ஃபீல்டில் பேஸ்பால் பார்க்கக் கூட்டிப்போகிறாளாம். அங்கே நாங்கள் என்ன சாப்பிட முடியும்? – சாட்ஸ்வொர்த் தம்பதி

ரிக்லி ஃபீல்டு 1914-இல் திறந்த பழைய மைதானம், நம் மைதானங்கள் போல் அத்துவானத்தில் இல்லை. வீடும் கடையும் நெருங்கிய தெருவுக்கு நடுவே நிற்கிறது. ரெட் லைன் ரயிலில் அடிசன் நிலையத்தில் இறங்கினால் எதிரேயே மைதானம். முன்வாசலுக்கு எதிரே கபி பேர், பின்புற பிளீச்சர்ஸ் (கூரையில்லாத பெஞ்சு வரிசை) பக்கம் மர்ஃபீஸ் என்று பேர்பெற்ற மதுக்கூடங்கள். இரண்டும் பீருக்குத்தான் முக்கியம். அங்கே 21 வயது ஆகாதவருக்கு மது இல்லை. உங்கள் நரையைப் பார்த்தும் அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

மாட்டிறைச்சி வேண்டாமென்றால் ஹாட் டாகைத் தொடாதீர்கள். சிகாகோ ஹாட் டாக் என்பதே முழு மாட்டிறைச்சி. கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகுச் சாறு, பச்சை ரெலிஷ், வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, சின்ன மிளகாய், செலரி உப்பு என்று தோட்டத்தையே மேலே வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துச் சைவம் என்று மயங்காதீர்கள். மருமகனுக்கு வாங்கினால் அதில் தக்காளி சாஸ் மட்டும் கேட்காதீர்கள், அந்த ஊரில் அது பன்னியை முள்கரண்டியால் சாப்பிடுவதற்குச் சமம். உங்களுக்கு ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை, பாப்கார்ன், உப்புத் தூவிய பிரெட்சல். கடலை ஓட்டைக் காலடியில் போடுவது அங்கே தவறில்லை.

வயிறார வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு முன்பே டெவன் அவென்யூ. சிகாகோவின் இந்தியக் கடைத்தெரு அது, மைதானத்துக்கு வடமேற்கே காரில் அரை மணி நேரத்துக்குள்; தோசை கிடைக்கும். பேஸ்பாலில் மதிய இடைவேளை என்று எதுவும் கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் அணிகள் இடம் மாறும்போது இரண்டு நிமிடம்போல ஓய்வு, ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து சோம்பல் முறித்துப் பாடும் வழக்கம். 2023-இல் எறிபவருக்குக் கடிகாரம் வைத்தபின் ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மூன்றாவது இன்னிங்ஸில் போய் வாங்கி வாருங்கள். ஐந்தாவதில் வரிசை நீளும், பல மைதானங்களில் ஏழாவதோடு பீர் விற்பனையும் நின்றுவிடும். பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், மகளின் கார்டு உங்கள் பையில் இருக்கட்டும்.

கேள்வி: மபீடாவில் இரவு ஆட்டம் முடிந்து வெளியே வரப் பத்தரை ஆகிறது. அப்புறம் என்ன கிடைக்கும்? – ஃபீனிக்ஸ் இளைஞர்

ஓவர்போர்ட், பழைய ஸ்பார்க்ஸ் ரோடு (இன்றைய மோசஸ் கொட்டானே ரோடு). ஜானீஸ் ரொட்டிஸ், சன்ரைஸ் இரண்டும் அங்கேதான், இரண்டும் பின்னிரவுப் பசிக்குப் பேர்பெற்றவை. சிப்ஸும் சீஸும் வைத்துச் சுருட்டிய ரொட்டி, மேலே மட்டன் குழம்பு. குழம்பைத் தனியாகக் கேட்டு வாங்கி, தோய்த்துச் சாப்பிடு தம்பி. காரில் சாப்பிடுவதானால் ரொட்டியின் கீழ் மடிப்பைக் காகிதத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள், மேலிருந்து இரண்டு விரற்கடை அளவு மட்டும் காகிதத்தை இறக்கு. உருகிய சீஸ் முதலில் கீழ் மடிப்பில்தான் வழியும், சீட் துணியில் பட்டால் போகாது.